காமினி குலரத்ன
காமினி குலரத்ன (1966–1991): இலங்கையின் மிக உயர்ந்த படைவீர விருதான பரம வீர விபூஷணயவை முதன்முதலில் பெற்றவர். ஊர்ப் பெயரோடு சேர்த்து 'ஹசலக காமினி' என அறியப்படுகிறார். முன்னர் பௌத்தத் துறவியாக இருந்த இவர், 1987இல் இராணுவத்தில் சேர்ந்தார். சிங்கப் படையணியின் 6ஆவது பிரிவில் லான்ஸ் கோப்ரலாகப் பணியாற்றினார்.

1991 ஜூலை 10ஆம் திகதி, கிளிநொச்சி மாவட்டத்தின் ஆனையிறவு முகாமைத் தமிழீழ விடுதலைப் புலிகள் முற்றுகையிடத் தொடங்கினர். 'ஆகாய கடல் வெளி' எனப் பெயரிடப்பட்ட அச்சமரில், இரும்புத் தகடுகளால் கவசமிடப்பட்ட புல்டோசர் ஒன்று முகாமின் காப்பரணை நோக்கி நகர்ந்தது. காமினி கைக்குண்டுகளுடன் தனியே ஓடி, அதன் பக்கத்து ஏணியில் ஏறிக் குண்டுகளை உள்ளே வீசினார். வாகனம் நின்றது, அவரும் அங்கேயே உயிரிழந்தார். முற்றுகையை உடைக்க வெற்றிலைக்கேணியில் தரையிறங்கிய இராணுவப் படைகள் ஓகஸ்ட் தொடக்கத்தில் முகாமை அடைந்தன.

இலங்கை இராணுவத்தில் லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட், பணிநிலை சார்ஜன்ட், ஆணைச்சீட்டு அலுவலர் என உயரும், அதிகாரிகள் அல்லாதோரின் படிநிலையே அணிகளை அன்றாடம் நடத்துகிறது. அதன் முதற்படியில் நின்றவருக்கு இவ்விருது கிடைத்தது, தலைமை என்பது அதிகாரிகளுக்கே உரியதன்று என்பதற்குச் சான்று.

அந்தப் புல்டோசர் ஏ9 வீதியோரம் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதே மண்ணில் இரு தரப்பிலும் இளைஞர்கள் பெருந்தொகையாக மாண்டனர்; அவர்கள் அனைவரின் குடும்பங்களுக்கும் நினைவுகூரும் உரிமை உண்டு.