ஒப்பிடாதே என்ற இசை

1986-ஆம் ஆண்டு இளையராஜா வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பு, தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர்நாடி. இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகிய மூன்றிலும் அதைக் கேட்டு, எது மெய்யான ஒலி என்று ரசிகர்கள் இன்றும் வழக்காடுகின்றனர்.

மூன்றுக்கும் மூலப்பதிவு ஒன்றே. ஆயினும் இசைத்தட்டில் ஊசியின் கரகரப்பு உண்டு. நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாக ஊரும் ஒலிநாடாவில் வயலினின் உச்ச ஒலிகள் மங்கும், இரைச்சலும் எழும். ஒலியை நொடிக்கு 44,100 கூறுகளாக அளந்து வைக்கும் குறுந்தகட்டில் இக்குறைகள் இல்லை. எனினும் மறுபதிப்புகளில் ஓசையைப் பெருக்கும்போது, மென்மைக்கும் வன்மைக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுவதுண்டு.

கள்ளக்குறிச்சியில் நம் தலைமுறை கேட்டதோ, கடையில் நகலெடுத்த ஒலிநாடாவை. கல்வராயன் மலைக்குப் பேருந்தில் ஏறிய அந்நகல், பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரில் சுழன்றது. தரத்தில் அதுவே கடைசி. ஆனால் மலையேறி வந்து சேர்ந்தது அது ஒன்றே. இன்று குறுந்தகட்டில் வில் நரம்பை உரசுவதுகூடக் கேட்கிறது. ஆயினும் நாம் முதலில் வியந்து நின்றது அந்த மங்கிய நகலின் முன்னர்தான்.

ஒப்பிடுதல் செவியைக் கூர்மையாக்கும், நன்றே. எளியவரின் நகலை இகழும் உரிமையை அது எவருக்கும் தருவதில்லை. அத்தொகுப்பிலுள்ள ஓர் உருப்படியின் பெயரே ‘டோன்ட் கம்பேர்’, அதாவது ‘ஒப்பிடாதே’ என்பதன்றோ!