கடித உறையிலிருந்து செல்போன் பூட்டு வரை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் ஏற்காடு. ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒன்பதாவது படிக்கும் என் தம்பியின் போன் தானாகப் பூட்டிக்கொண்டது. அப்பா ஃபேமிலி லிங்க் போட்டிருக்கிறார். "உங்க காலத்துல இப்படி வேவு பாத்தாங்களாப்பா?" என்று அவன் கத்த, பக்கத்தில் இருந்த பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பின் வரலாறுதான் இது.

எங்கள் மலை பள்ளிக்கூட மலை. சேக்ரட் ஹார்ட் 1894-இல் வந்தது, மான்ட்ஃபோர்ட் 1917-இல். சமவெளிப் பெற்றோர் பிள்ளைகளை மேலே அனுப்பியது படிப்புக்காக மட்டுமல்ல, ஊர்ச் சகவாசம் வேண்டாம் என்றும்தான் என்பது என் கணிப்பு. அதாவது சேர்வராயன் மலையே ஒரு 'பேரண்டல் கன்ட்ரோல்' :-)

பெரியப்பா படித்த விடுதியின் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டுமாம். வீட்டிலிருந்து வருவதும் பிரித்தே வருமாம். "சாப்பாடு நல்லா இல்லேன்னு எழுத முடியாதுடா" என்றார். கொடுமைதான். ஆனால் ஒன்று: வார்டன் படிக்கிறார் என்பது கடிதம் எழுதுகிற பையனுக்குத் தெரியும்.

அப்புறம் பிரவுசிங் சென்டர் காலம். 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதிகள் போட்டது. தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாத சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் வர வேண்டும். எத்தனை கடைகளில் இதைக் கடைப்பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் யோசனை பழைய யோசனைதான்: நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார வை.

இந்த யோசனையை உடைத்தது ஸ்மார்ட்போன். எங்கள் வீட்டில் அது நடந்தது 2020-இல். மார்ச்சில் பள்ளிகள் மூடின, பாடம் வாட்ஸ்அப்புக்கு வந்தது. டவர் கிடைக்கிற மூலையைத் தேடிப் பாறை பாறையாக ஏறியது மலைக்காரர்களுக்கு மறக்காது. அதுவரை 'போன் தொடாதே' என்ற அப்பாவே போன் வாங்கிக் கொடுத்தார். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதைப் பூட்டினால் படிப்பும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால்... தெரிந்ததே.

ஆப்புகளில் 13 வயசு என்று ஒரு கணக்கு இருக்கிறதே, ஏன் 13? பிள்ளைகளின் பக்குவத்தை அளந்து வைத்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலை இணையதளங்கள் திரட்ட வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. சம்மதம் வாங்குவதைவிட 'வராதே' என்பது கம்பெனிகளுக்குச் சுலபம். நம் 2023-ஆம் வருடத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, இதற்கு 18 மாதம் அவகாசம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் கணக்கே கூடாது என்றது. அதே மாதம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, அதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. 13, 16, 18... தம்பி எந்தக் கணக்கில் வளர வேண்டும்?

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இன்ஸ்டாகிராமின் டீன் அக்கவுன்ட். 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கண்காணிப்பை இணைத்தால், கடந்த ஏழு நாளில் பிள்ளை யாருக்கு மெசேஜ் அனுப்பினான் என்று பெற்றோர் பார்க்கலாம். என்ன எழுதினான் என்று படிக்க முடியாது. உறையின் மேல் உள்ள முகவரி மட்டும்! பெரியப்பாவின் வார்டனைவிட இது கண்ணியம்தான்.

தம்பியின் கோபம் பூட்டின் மேல் இல்லை என்று மெல்லத்தான் புரிந்தது. அப்பாவுக்கு என்னென்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. மெசேஜ் எல்லாம் படிக்கிறார் என்றே நினைத்திருந்தான். அப்பாவிடம், "உங்க போன்ல என்ன தெரியுதுன்னு அவனுக்கே காட்டிடுங்கப்பா" என்றேன். காட்டினார். எத்தனை மணி நேரம், எந்த ஆப், மேப்பில் ஒரு புள்ளி. மெசேஜ் ஒன்றும் இல்லை.

"மேப்புமா?" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நேரக் கணக்கு இருக்கட்டும், மேப்பை எடுத்துவிடலாம் என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

அன்று ஒன்பதரைக்குப் பாட்டியின் போன் காணாமல் போனது வேறு கதை.