மஞ்சள் யாருக்கு?

திண்டுக்கல் வட்டாரத்தில் மஞ்சள் பூசிக் குளிப்பதைப் பழைய அழகுக்குறிப்பாக மட்டும் பார்ப்பவர்கள், அதிலிருந்த கணக்கை மறந்துவிடுகிறார்கள். உரைகல்லில் இழைத்த மஞ்சள் சுமங்கலியின் முகத்துக்கு; பல குடும்பங்களில் கணவன் போனதும் அதுவும் பூவோடு போனது. சருமத்தைப் பேணுவதே திருமணத்தைப் பொறுத்த சலுகையாக இருந்தது. இந்த வழக்கத்துக்கு எதிரான வாழ்க்கை டாக்டர் சௌந்தரத்துடையது. டி.வி.எஸ். நிறுவனரின் மகள், இளவயதில் விதவையானவர், டெல்லியில் மருத்துவம் படித்து 1940-இல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947-இல் இருவரும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் என்ற கிராமப்பணி நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

பணக்கார வீட்டுப் பெண்ணால் முடிந்தது கூலிக்காரிக்கு முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; மறுமணம் ஒன்றால் ஊர் வழக்கம் மாறிவிடாது. ஆனால் அவர் விட்டுச்சென்றது தன் கதையை மட்டுமல்ல. சிறிதாகத் தொடங்கிய மருத்துவப் பணி கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. காந்திகிராம லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்து விற்கிறது. மருந்துக் கடையில் தைலம் கேட்கும் பெண்ணிடம் தாலி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சந்தை வேறொரு கணக்கைக் கொண்டுவந்தது என்பதும் உண்மை: 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகு கிரீம், பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை 2020-இல்தான் கைவிட்டது.