பதினைந்து பேர்

1884ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்கட்கிழமை. அயர்லாந்தின் கால்வே கவுண்டியில், பாலினஸ்லோ என்ற சிற்றூரில் ஒரு ஹர்லிங் ஆட்டம். ஒரு பக்கம் டப்ளினிலிருந்து வந்திருந்த மெட்ரோபாலிடன் கிளப். மறுபக்கம் அந்த வட்டாரத்துக் கிராமமான கில்லிமோர். ஆட்டம் பாதியிலேயே நின்றுபோனது. நகரத்துக்காரர்கள் எழுதி வைத்திருந்த விதி வேறு, கிராமத்துக்காரர்கள் வழிவழியாக ஆடிவந்த விதி வேறு. கில்லிமோர்காரர்களின் முரட்டு ஆட்டம் டப்ளின்காரர்களுக்குத் தாங்கவில்லை.

ஹர்லிங் வரலாற்றில் இது ஒரு அடிக்குறிப்புதான். ஆனால் நான் இதிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். 'கிராமத்து விளையாட்டை நகரம் தூக்கிக்கொண்டு போகிறது' என்ற புலம்பல் இன்றைய அயர்லாந்தில் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் புலம்பலில் உண்மையான வலி இருக்கிறது. ஆனால் அதன் வரலாறு கொஞ்சம் கோணல்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹர்லிங் பார்த்திராதவர்களுக்கு அதை விளக்குவது சிரமம். ஹாக்கி மாதிரி மட்டை, ஆனால் பந்து பெரும்பாலும் வானத்தில். கையால் பிடிக்கலாம், மட்டையின் நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டே ஓடலாம், ஓடுகிற ஓட்டத்திலேயே 80 மீட்டர் தூரத்துக்கு அடிக்கலாம். பந்தின் பெயர் ஸ்லிட்டர். எடை 110 கிராமுக்குக் கொஞ்சம் மேல், உள்ளே தக்கை, மேலே தோல். நன்றாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். கோல்கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவம். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே போனால் கோல், அதாவது மூன்று புள்ளி. மேலே போனால் ஒன்று. இவ்வளவு ஆபத்தான ஆட்டத்தில் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது 2010இல்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினின் க்ரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி ஆடியவர், கொண்டாட்டம் முடிந்ததும் வகுப்பறைக்கோ வங்கிக்கோ பண்ணைக்கோ வேலைக்குத் திரும்புவார்.

சரி, பாலினஸ்லோவுக்கு வந்த அந்த டப்ளின்காரர்கள் யார்? அவர்களை அழைத்து வந்தவர் மைக்கேல் கியூசக். 1847இல் கிளேர் கவுண்டியின் பாறை நிலத்தில், காரன் என்ற ஊரில் பிறந்தவர். தாய்மொழி ஐரிஷ். 1847 என்பது பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டு. 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. செத்தவர்கள் போக, மீதிப் பேர் கப்பலேறியவர்கள். ஆடுவதற்கு ஆள் இல்லாமல் ஹர்லிங் பல வட்டாரங்களில் அணைந்துபோனது. 1366இல் கில்கென்னியில் ஆங்கிலேயர் போட்ட சட்டத்தால் ஒழிக்க முடியாத ஆட்டத்தைப் பஞ்சம் ஏறக்குறைய ஒழித்துவிட்டது.

கியூசக் ஆசிரியரானார், டப்ளினுக்கு வந்தார், அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பையன்களைத் தயார் செய்யும் அகாடமி ஒன்றை நடத்தினார். கிட்டத்தட்ட நம்மூர் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர்தான். 1883இன் இறுதியில் தன் மாணவர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டி மெட்ரோபாலிடன் கிளப்பைத் தொடங்கினார். பயிற்சி ஃபீனிக்ஸ் பார்க்கில். குமாஸ்தா வேலைக்குக் கணக்கும் இலக்கணமும் படித்துக்கொண்டிருந்த பையன்கள், மாலையில் மட்டையோடு பூங்காவில் நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊர் மறந்துகொண்டிருந்த ஆட்டத்தை, ஊரைவிட்டு வந்தவர் பட்டணத்துப் பூங்காவில் விதி எழுதி மீட்டெடுக்கிறார்! பாலினஸ்லோவில் ஆட்டம் நின்ற ஏழாவது மாதம், 1884 நவம்பர் 1 அன்று, டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் கேலிக் தடகளச் சங்கம் தொடங்கப்பட்டது. வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கியூசக்கின் வாய்த்துடுக்குக்குப் பெயர் போனவர். இரண்டே ஆண்டில் அவரைச் செயலர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

சங்கம் செய்த புத்திசாலித்தனமான காரியம், கத்தோலிக்கப் பங்கை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டது. ஒரு பங்குக்கு ஒரு கிளப். கோயிலும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே அந்த அளவில்தான் இருந்தன, மைதானம் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இன்றும் கிராமப்புறத்தில் ஒருவன் எந்த கிளப்புக்கு ஆடுவான் என்பதை அவன் பிறந்து வளர்ந்த இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பக்கத்து ஊர் கிளப் நன்றாக ஆடுகிறது என்று மாறிவிட முடியாது. அப்படி மாற நினைப்பவனை ஊர் பார்க்கும் பார்வையே வேறு.

ஆரம்பத்தில் அணிக்கு 21 பேர். 1892இல் 17 ஆனது. 1913இல் 15 ஆகி இன்றுவரை அதுவே. ஆட்டம் சீராக வேண்டும் என்றுதான் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், ஆள் பஞ்சத்தால் அல்ல. ஆனாலும் நான் சாஃப்ட்வேர் ஆள், எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு ஊரில் ஹர்லிங் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு ஒரே சோதனைதான்: ஒரே வயதுக் கட்டத்தில் 15 பேரைத் திரட்ட முடிகிறதா?

திரட்டமுடியாமல் ஊரைவிட்டுப் போனவர்கள் வேறெங்கோ திரண்டார்கள். 1901ஆம் ஆண்டுக்கான அகில அயர்லாந்து ஹர்லிங் கோப்பையை வென்ற அணி எது தெரியுமா? லண்டன். இறுதிப்போட்டி தாமதமாகி 1903இல்தான் நடந்தது. கார்க் அணியை, லண்டனில் பிழைக்கப் போயிருந்த ஐரிஷ் பையன்கள் தோற்கடித்தார்கள். டப்ளின் கடைசியாகக் கோப்பையை வென்றது 1938இல். அந்த அணியில் டப்ளினில் பிறந்தவர் ஒரே ஒருவர் என்று சொல்வார்கள். மீதிப் பேர் போலீஸ் வேலைக்கும் அரசு வேலைக்கும் வந்த வெளியூர்க்காரர்கள். ஆக, நகரத்து ஹர்லிங் என்பது வெகுகாலம் கிராமத்தின் ஹாஸ்டல் மாதிரிதான் இருந்தது. டப்ளின் தெருவில் பிறந்த பையன் கால்பந்தோடு வளர்ந்தான்.

இது மாற ஆரம்பித்ததற்குப் பெரிய சித்தாந்தக் காரணம் எதுவும் இல்லை. பொறுமையான, அலுப்பூட்டும் நிர்வாக வேலை. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்காக 1971இல் ஃபெய்லே நா நேல் என்ற திருவிழாப் போட்டி தொடங்கியது. வெளியூர்ப் பிள்ளைகளை உள்ளூர் கிளப் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். பின்னாளில் டப்ளின், பள்ளிகளுக்குள் முழுநேரப் பயிற்சியாளர்களை அனுப்பியது. அவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை கிளப்பே கொடுத்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே கோப்பை கிடையாது, தோற்றவர் வென்றவர் கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் ஆடியே ஆகவேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. கோடை விடுமுறை முகாம்களில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள்.

பலன் ஒரு தலைமுறை கழித்து வந்தது. 2013இல் டப்ளின் 52 ஆண்டுக்குப் பின் லென்ஸ்டர் மாகாணக் கோப்பையை வென்றது. 2017இல் டால்கி கடற்கரைப் பகுதியின் குவாலா கிளப், அகில அயர்லாந்து கிளப் ஹர்லிங் பட்டத்தை வென்ற முதல் டப்ளின் கிளப் ஆனது. மறு ஆண்டும் அவர்களே. 2025 ஜனவரியில் க்ளாஸ்னெவினின் நா ஃபியன்னா. அதே ஆண்டு ஜூனில் டப்ளின், ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியபின் 14 பேரோடு ஆடி, அந்தக் காலகட்டத்தின் அசைக்கமுடியாத அணியான லிமெரிக்கைக் காலிறுதியில் சாய்த்தது. அந்தப் பின்னிரவில் நான் கத்திய கத்தலில் வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

டப்ளினின் மேற்குப் புறநகரில் குடியிருக்கும் திருச்சி நண்பர் ஒருவர் ஃபோனில் சொன்னார்: "சனிக்கிழமை காலைல கிரவுண்டுல போய் நின்னு பாருங்க. அஞ்சு வயசு, ஆறு வயசு வாண்டுங்க நூத்துக்கும் மேல. பாதிப் பேரோட அப்பா அம்மாவுக்கு இந்த ஆட்டத்தோட ரூல்ஸே தெரியாது. ஆனா கிளப்ல சேர்த்தா நாமளும் ஏதாவது வேலை பார்த்தாகணும். என்கிட்ட ஷூ லேஸ் கட்டிவிடற டிபார்ட்மென்ட்டைக் குடுத்திருக்காங்க." அக்கம்பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஐரிஷ்காரர்கள் எல்லாரும் அந்த லேஸ் கட்டுகிற வரிசையில் அறிமுகமானவர்கள்தானாம். கியூசக்கின் மாணவர்களுக்கு ஃபீனிக்ஸ் பார்க் தந்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். நகரத்துக்குள் ஒரு ஊர்.

ஹர்லிங்கின் முகமும் மாறியிருக்கிறது. 2005இல் கார்க் அணித்தலைவராகக் கோப்பையை வாங்கி ஐரிஷ் மொழியில் உரையாற்றிய ஷான் ஓக் ஓ ஹால்பின், ஃபிஜியில் பிறந்தவர். வெக்ஸ்ஃபோர்டின் லீ சின்னுடைய அப்பா மலேசியாவிலிருந்து வந்தவர். களத்தில் தன்மீது வீசப்பட்ட இனவசைகளைப் பற்றி லீ சின் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஈராக்கில் குர்து அகதிக் குடும்பத்தில் பிறந்த ஸக் மொராடி, 2002இல் லெய்ட்ரிமுக்கு வந்தார். ஹர்லிங்கே அபூர்வமாக ஆடப்படும் கவுண்டி அது. 2019இல் லெய்ட்ரிம், ஹர்லிங்கில் பின்தங்கிய கவுண்டிகளுக்கான லோரி மஹர் கோப்பையை க்ரோக் பார்க்கில் வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். 'பிறந்த மண்' என்ற விதியால் கட்டப்பட்ட விளையாட்டு, மண்ணே இல்லாமல் வந்தவனுக்கும் இடம் விட்டிருக்கிறது. பெண்கள் ஆடும் கமோகி தனிச் சங்கமாக 1904இல் தொடங்கியது. அங்கே பாவாடை போன்ற கால்சட்டைதான் போடவேண்டும் என்ற விதியை, ஆட்டக்காரிகளே கிளர்ந்தெழுந்து 2025 மே மாதம்தான் உடைத்தார்கள். இத்தனை காலம் எடுத்தது வெட்கக்கேடு.

இனி கிராமம்.

நகர கிளப்புக்குப் பிரச்சினை, பிள்ளைகள் அதிகம், மைதானம் குறைவு. ஒரு வயதுக் கட்டத்தில் நான்கைந்து அணிகள் இருக்கும். அத்தனை பேரிலிருந்தும் கடைசியில் முதல் அணிக்குப் போவது 15 பேர்தான் என்பதால், பதினாறு பதினேழு வயதில் கொத்துக்கொத்தாக விலகுவார்கள். கிராம கிளப்புக்கு நேரெதிர். ஆரம்பப் பள்ளியில் எல்லா வகுப்பும் சேர்த்தே முப்பது நாற்பது பிள்ளைகள். நூறு சதவீதப் பையன்களும் ஹர்லிங் ஆடினாலும் ஒரே வயதில் 15 தேறாது. இளைஞர் ஆர்வம் குறைந்துவிட்டது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஆர்வம் இருக்கிறது, இளைஞர்கள்தான் இல்லை. நாட்டின் மக்களில் கால்வாசிக்கு மேல் டப்ளின் கவுண்டியில் மட்டும் வாழ்கிறார்கள். வேலை அங்கே. கிராமத்தில் வீட்டுமனை அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. டப்ளினில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுக்காரன் வார நடுவில் பயிற்சிக்காக நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் கார் ஓட்டி ஊருக்குப் போய்த் திரும்புகிறான். அவனுக்கே அங்கே ஒரு பிள்ளை பிறந்தால், அது சனிக்கிழமை காலையில் எந்த மைதானத்தில் நிற்கும்?

'பாலிஹேல் இருக்கிறதே' என்பார்கள். கில்கென்னியின் அந்தச் சின்னக் கிராமத்து ஷாம்ராக்ஸ் கிளப், அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை ஒன்பது முறை வென்றிருக்கிறது. பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வைத்திருக்கும் ஹென்றி ஷெஃப்லின் அந்த ஊர்க்காரர். அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட தம்பி, ஒரே பள்ளி, ஒரே சுவர். சின்ன ஊரால் என்ன முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு பாலிஹேலைக் காட்டி மற்ற கிராமங்களை 'முயற்சி போதவில்லை' என்று கடிந்துகொள்வது அநியாயம். மூன்று குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனால் ஒரு அணி போய்விடும் என்ற கணிதம் எல்லாருக்கும் பொது.

ஆள் போதாத கிளப்புகள் செய்வது இணைப்பு. பக்கத்துப் பக்கத்துப் பங்குகள் இரண்டு மூன்று சேர்ந்து, பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே அணி அமைப்பார்கள். இதைக் கேட்கும்போது சுலபமாக இருக்கும். தாத்தா காலத்திலிருந்து கோயில் வாசலில்கூடப் பேசிக்கொள்ளாத ஊர்கள் அவை. எந்த ஊர் மைதானத்தில் பயிற்சி? ஜெர்சி என்ன நிறம்? பெயர் யாருடையது? பெரும்பாலும் இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு புனிதரின் பெயரையோ நடுவில் ஓடும் ஆற்றின் பெயரையோ வைத்துப் பஞ்சாயத்தை முடிப்பார்கள்.

பல இடங்களில் இந்த ஏற்பாடு பெரியவர்கள் அணிக்குப் பொருந்தாது. ஏழு வயதிலிருந்து ஒரே ஜெர்சியில், ஒரே வேனில் போய்வந்த இரண்டு பையன்கள், பெரியவர்கள் அணிக்கு வந்ததும் அவரவர் ஊர் ஜெர்சியை மாட்டிக்கொள்கிறார்கள். கவுண்டி சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றில் ஒருவன் தடுப்பாளன், இன்னொருவன் முன்வரிசை. பந்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும்.