தள்ளிவிட்டா ஜாலி, தொட்டா வெளிச்சம்

2012 மார்ச்சில் ப்ளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'ஜர்னி' கேம் விளையாடியிருக்கீங்களா? சுத்தி பாலைவனம், தூரத்துல ஒரு மலை, கழுத்துல துண்டு கட்டின ஒரு உருவம். நடக்கணும், அவ்ளோதான். வழியில திடீர்னு இன்னொரு உருவம் எதிர்ப்படும். அது கம்ப்யூட்டர் இல்லை. உலகத்துல எங்கேயோ உட்கார்ந்து விளையாடற நிஜ மனுஷன்.

இதை வடிவமைச்சவர் ஜெனோவா சென். ஷாங்காய்ல பிறந்தவர், அமெரிக்காவுல படிச்சு 'தட்கேம்கம்பெனி'யை 2006-ல் கூட்டு சேர்ந்து ஆரம்பிச்சவர். ஆன்லைன் கேம்னாலே கொல்லு, கொள்ளையடின்னு இருக்கே, முன்பின் தெரியாத ரெண்டு பேர் அன்பா பழகற மாதிரி ஒண்ணு பண்ண முடியாதான்னு யோசிச்சிருக்கார்.

முதல்ல பண்ணின மாதிரி வடிவத்துல ஒருத்தரை ஒருத்தர் தள்ளலாம்னு வச்சாங்க. எதுக்கு? பாறை மேல ஏற உதவி பண்ணத்தான். நம்ம மக்கள் என்ன பண்ணினாங்க? கூட வந்தவனை ஆபத்துல தள்ளிவிட்டு ரசிச்சாங்க :-) சென் நொந்தே போயிட்டார்.

அப்புறம் குழந்தைகள் மனநல நிபுணர் ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கார். அவர் சொன்ன விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புது உலகத்துக்குள்ள வர்ற எவனும் கைக்குழந்தை மாதிரி. நல்லது கெட்டதெல்லாம் பார்க்க மாட்டான். எதைப் பண்ணினா பெருசா எதிர்வினை கிடைக்குதோ அதையே திரும்பத் திரும்பப் பண்ணுவான். உதவினா ஒண்ணும் நடக்கலை, தள்ளிவிட்டா அலறி விழறான். எதுல சுவாரசியம் ஜாஸ்தி, நீங்களே சொல்லுங்க!

உடனே தள்ளற வசதியையே தூக்கிட்டாங்க. பதிலுக்கு, ரெண்டு பேரும் தொட்டுக்கிட்டா துண்டு ரெண்டும் ஒளிரும். அந்த சக்தியில பறக்கலாம். ஒருத்தர் எடுத்த பொருள் அடுத்தவருக்கும் மிச்சமிருக்கும், அதனால போட்டியில்லை. பேச்சு, எழுத்து எதுவும் கிடையாது, ஒரு மணியோசை மட்டும். கூட வந்தவர் பேர்கூட கடைசியிலதான் தெரியும். திட்டணும்னாலும் எப்படித் திட்டறது?

"யூசர்ஸே இப்படித்தாங்க"ன்னு நம்ம மீட்டிங்ல அடிக்கடி சொல்வோமே, அப்பல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். நல்லவனா இருங்கன்னு கேம்ல எங்கேயும் ஒரு வரி உபதேசம் கிடையாது. ஆட வந்தவங்களும் அதே மாதிரி ஜனங்கதான், யாரையும் வடிகட்டி எடுக்கலை.

2013-ல் டைஸ் விருதுகள்ல அந்த வருஷத்தோட சிறந்த கேம் இதுதான். பனிமலையில துண்டு உறைஞ்சு சுருங்கறப்போ, முகம் தெரியாத ரெண்டு பேர் ஒட்டி ஒட்டி நடப்பாங்க பாருங்க... 2019-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தாச்சு, முடிஞ்சா விளையாடிப் பாருங்க.