வாய்ப்புண்ணும் புற்றுநோய் மருந்தும்: ஒரு வரலாறு

கீமோதெரபி என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முடி கொட்டுவதுதான். சினிமாவிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவர்களையும், கூடவே இருந்து அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களையும் கேட்டுப் பாருங்கள். பலர் வேறொன்றைச் சொல்வார்கள். அது வாய்ப்புண்!

மருந்து ஏற்றி ஐந்தாறு நாட்கள் ஆனதும் உதட்டின் உட்புறம் சிவந்து எரியத் தொடங்கும். பிறகு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், தொண்டை என்று புண் பரவும். எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிவிடும். பார்த்துப் பார்த்துச் சமைத்துக் கொண்டுவந்தவர் கிண்ணத்தோடு நிற்பார். சாப்பிட வேண்டியவர் தலையைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேருக்குமே அது வேதனை.

இந்தப் புண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவும் புற்றுநோய் மருந்தின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த வரலாற்றில் சென்னையில் மருத்துவம் படித்த ஒருவருக்கும் முக்கியமான இடம் இருக்கிறது.

நாக்குப் புண்ணில் தொடங்கிய கதை

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். அன்று அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம் ‘ஸ்ப்ரூ’ என்ற நோய். தீராத வயிற்றுப்போக்கு, சோகை, உடல் மெலிவு ஆகியவற்றோடு நாக்கும் வாயும் வெந்து புண்ணாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்து குணமானது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த அவர் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

இதற்கு நடுவே பம்பாயில் வேறொரு ஆராய்ச்சி நடந்தது. 1928-ல் இங்கிலாந்திலிருந்து வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் ‘மார்மைட்’ என்ற மலிவான உணவைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள்! 1931-ல் இதை அவர் வெளியிட்டார். மார்மைட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று உலகமே தேடியது. 1941-ல் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு சத்து பிரித்தெடுக்கப்பட்டது. இலைக்கு லத்தீனில் ‘ஃபோலியம்’ என்று பெயர். அதனால் அந்தச் சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவில் உடம்புக்குக் கிடைக்காமல் போகும் சத்துகளில் ஃபோலிக் அமிலம் முக்கியமானது. அந்த நோயாளிகளின் நாக்குப் புண்ணுக்கும் இந்தக் குறைபாடு ஒரு காரணம்.

பாஸ்டன், 1947

அப்போது பாஸ்டனில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவார்கள். கொடுக்க மருந்தே கிடையாது. ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார் ஃபார்பர். நோய் குறையவில்லை. மாறாக வேகம் பிடித்ததுபோல் தெரிந்தது.

இங்கேதான் திருப்பம். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் வளர்கிறது என்றால், அதைத் தடுத்தால் நோய் தேயும் அல்லவா? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து செல்லை ஏமாற்றும் பொருட்களைத் தயாரித்தது. அவற்றில் ஒன்றுதான் அமினோப்டெரின். 1947 டிசம்பர் கடைசியில் ஃபார்பர் அதை ஒரு குழந்தைக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. அது தற்காலிகமான வெற்றிதான். ஆனாலும் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அந்த மருந்தின் தீய விளைவுகளில் ஒன்றாக வாய்ப்புண்ணும் அப்போதே பதிவானது. அதாவது இந்த மருந்து பிறந்தபோதே வாய்ப்புண்ணும் கூடவே பிறந்துவிட்டது!

காரணம் எளிது. செல்கள் இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் தேவை. புற்றுநோய் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. வாயின் உட்புறத் தோலும் அப்படித்தான். சாப்பிடுவதாலும் பேசுவதாலும் தேய்ந்துகொண்டே இருப்பதால், ஏறக்குறைய ஒன்றிரண்டு வாரங்களில் அது முழுக்கப் புதுப்பிக்கப்படுகிறது. எந்தச் செல் நோயுடையது, எந்தச் செல் நல்லது என்று மருந்துக்குத் தெரியாது. வேகமாகப் பிரிவதை எல்லாம் அது தாக்கும். ஸ்ப்ரூவில் சத்து கிடைக்காததால் நாக்கு புண்ணானது. இங்கே மருந்து அதே சத்தை வேண்டுமென்றே தடுத்ததால் வாய் புண்ணானது.

கட்டுரை வெளிவந்த இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

புண் வந்தால் நிறுத்து, ஆறினால் தொடங்கு

அமினோப்டெரினின் தம்பி என்று சொல்லத்தக்க மருந்து மெத்தோட்ரெக்சேட். 1956-ல் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இந்த மருந்தைக் கொடுத்து, கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் மறைவதைக் காட்டினார்கள். உடம்பெங்கும் பரவிய புற்றுநோயை மருந்தாலேயே முழுமையாகக் குணப்படுத்த முடியும் என்பதற்கு அது முதல் பெரிய சான்று. சில நாட்கள் மருந்து கொடுப்பார்கள். நஞ்சின் அறிகுறிகள் தெரியும். அவை தணிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள்.

அந்தக் காலத்து மருத்துவருக்கு நோயாளியின் வாய் ஒரு அளவுகோல் மாதிரி. புண் வந்துவிட்டதா? மருந்து எல்லையைத் தொட்டுவிட்டது, நிறுத்து. ஆறிவிட்டதா? மறுபடியும் தொடங்கு. உயிரே போகிற நோய்க்கு முன்னால் வாய்ப்புண் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் புண்ணோடு ஒவ்வொரு வேளையும் தண்ணீர் குடிக்க வேண்டியவர் நோயாளிதானே?

அடுத்து வந்தது லூகோவோரின். இது ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவம். மெத்தோட்ரெக்சேட் போட்ட பூட்டைச் சுற்றிக்கொண்டு செல்லுக்குள் போய்விடும். முதலில் அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் 24 மணி நேரம் கழித்து லூகோவோரின் கொடுத்து நல்ல செல்களைக் காப்பாற்றும் முறை 1970-களில் எலும்புப் புற்றுநோய் சிகிச்சையில் பரவியது. அதற்கு ‘மீட்பு’ என்றே பெயர். நஞ்சுக்கும் மாற்று மருந்துக்கும் வேர் ஒன்றே!

வலிக்கு வந்த கணக்கு

1979-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் சிகிச்சையின் பக்க விளைவுகளை எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதில் வாய்ப்புண்ணுக்கு 0 முதல் 4 வரை படிகள் இருந்தன. எரிச்சலும் சிவப்பும் மட்டும் என்றால் 1. புண் இருந்தாலும் சோறு போன்ற திட உணவு இறங்குகிறது என்றால் 2. திரவம் மட்டுமே இறங்கும் என்றால் 3. எதுவுமே வாய்வழியாகப் போகாது என்றால் 4.

இந்தப் படிகளைக் கவனித்துப் பாருங்கள். புண்ணின் நீள அகலத்தை வைத்து மட்டும் இவற்றை வகுக்கவில்லை. “இவரால் என்ன சாப்பிட முடிகிறது?” என்பதே இதில் முக்கியமான கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரிந்தவர் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்பவர்தான்.

அமெரிக்கப் பல் மருத்துவரான ஸ்டீபன் சோனிஸ் 2004-ல் வெளியிட்ட விளக்கம் இன்னொரு தெளிவைத் தந்தது. வாய்ப்புண் ஐந்து கட்டங்களில் உருவாகிறது என்றார் அவர். மருந்து உடம்பில் ஏறிய உடனேயே தோலுக்கு அடியில் சேதம் தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் புண் நான்காவது கட்டம். கடைசிக் கட்டம் ஆறுதல். அதாவது நாம் புண்ணைப் பார்க்கும்போது பாதிக்கு மேல் நடந்து முடிந்துவிட்டது.

ஐஸ் கட்டியும் உப்புத் தண்ணீரும்

தடுப்பதற்குப் பெரிய கருவிகள் எல்லாம் வேண்டுமோ? 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு வேறு பதிலைச் சொன்னது. ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்தினால் அது ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். அந்தச் சிறிது நேரம் வாய்க்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தால் போதாதா? மருந்து ஏற்றுவதற்கு 5 நிமிடம் முன்பு தொடங்கி மொத்தம் 30 நிமிடங்கள் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருக்கச் சொன்னார்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கின. வாய்ப்புண்ணும் வெகுவாகக் குறைந்தது. இன்றும் இந்த மருந்தை வேகமாகச் செலுத்தும்போது சர்வதேச வழிகாட்டு நெறிகள் இதைப் பரிந்துரைக்கின்றன.

ஆனால் எல்லா மருந்துக்கும் ஐஸ் பொருந்தாது. உதாரணமாக ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து பெறுபவர்களுக்குக் குளிர்ச்சியே நரம்பில் வேதனையைக் கிளப்பும். அதனால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

2000-ல் கலிஃபோர்னியாவில் செவிலியர் ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு இன்னும் சுவையானது. வாய்ப்புண் வந்தவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து. இன்னொரு பிரிவுக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த, ‘மேஜிக்’ என்று செல்லப்பெயர் பெற்ற கலவை. மூன்றாவது பிரிவுக்கு வெறும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீர். மூன்றிலும் புண்ணின் தொல்லை ஏறக்குறைய ஒரு வாரத்தில் தீர்ந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. பலன் ஒன்று, விலை மட்டும் வேறு என்றால் எதை வாங்குவது? கணக்குத் தெரிந்த யாரும் உப்பு சோடாவைத்தான் சொல்வார்கள். ஆய்வாளர்களும் அதையேதான் சொன்னார்கள்.

விலை உயர்ந்த வழியும் வந்தது. 2004 டிசம்பரில் பாலிஃபெர்மின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது வாய்த் தோலை வளரத் தூண்டும் புரதம். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்காக மிகக் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும் பெற்ற 212 பேரிடம் நடந்த ஆய்வில், 3 அல்லது 4-ம் படி வாய்ப்புண் 98 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற விலை அல்ல. குறைந்த சக்தி லேசர் ஒளி கொடுக்கும் முறையும் இன்று சில வகைச் சிகிச்சைகளில் பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கைகொடுப்பது தினசரிப் பராமரிப்புதான். மிருதுவான பல் துலக்கி. ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும், அதில் பாதி அளவு உப்பும் போட்டு ஒரு நாளில் பலமுறை கொப்பளிப்பது. காரம், புளிப்பு, சூடு, முறுக்கு போன்ற கரகரப்பான தின்பண்டங்களைத் தள்ளிவைப்பது. ஆறிய கஞ்சி, குழைந்த சாதம், நன்றாக வெந்த இட்லி. வலி அதிகம் என்றால் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்வது. வலியைத் தணிக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அல்லது தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வாய்ப்புண் வழியாகக் கிருமிகள் ரத்தத்துக்குள் போகலாம். அதேபோல், “புண்ணுக்குச் சத்து மாத்திரை நல்லது” என்று யாராவது சொன்னதைக் கேட்டு ஃபோலிக் அமிலம் வாங்கி விழுங்கவும் கூடாது. ஃபார்பரின் கதையை மறந்துவிடாதீர்கள்!

ஃபார்பருக்கும் சுப்பாராவுக்கும் வரலாற்றில் இடம் கிடைத்தது நியாயமே. ஐஸ் துண்டை உடைத்துக் கொடுத்த செவிலியரின் பெயரோ, இரவு இரண்டு மணிக்கு எழுந்து உப்புத் தண்ணீர் கலந்து கொடுத்த மனைவியின் பெயரோ எந்தக் கட்டுரையிலும் வராது. ஆனால் மருந்து கொடுக்கும் வேதனையைத் தாங்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு நோயாளி மருத்துவமனைக்குத் திரும்பி வந்தால்தான் சிகிச்சை முழுமையடையும். அப்படித் திரும்பி வர வைத்தவர்களில் அவர்களும் உண்டு.