சண்டித்தனமா, நோயா?



மன்னர்களின் போர்களைப் பற்றியும் படையெடுப்புகளைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அம்மன்னர்களைச் சுமந்து சென்ற குதிரைகளின் கால்களைப் பற்றி அவை அதிகமாகப் பேசுவதில்லை. ஆனால் குதிரையின் கால் நொண்டியதற்குக் காரணம் தேடிய சிலருடைய உழைப்பினால், மனிதனின் நோயொன்றும் தெளிவாக விளங்கிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல எண்ணுகிறேன்.

நொண்டுதல் பலவகைப்படும். லாடத்தின் ஆணி தைத்தோ, குளம்பு சீழ் பிடித்தோ, மூட்டு வீங்கியோ நொண்டும் குதிரையின் நோயைக் குதிரைக்காரனே கண்டுகொள்வான். முன்னங்கால் ஒன்றில் நோவிருந்தால், அக்கால் தரையில் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். இவ்வளவும் பழகிய கண்ணுக்குப் புலப்படும். வந்து வந்து மறைகின்ற நொண்டலே மனிதனைத் திகைக்க வைப்பது.

காலையில் லாயத்திலிருந்து வெளிவரும் குதிரையிடம் குற்றம் ஒன்றும் தெரியாது. சேணம் பூட்டி ஏறி அமர்ந்தால் நன்றாகவே நடக்கும். ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரம் சென்றதும் பின்னங்கால் விறைக்கும். பிறகு தரையில் இழுபடும். குதிரை வியர்த்து நடுங்கி, மேலே செல்ல மறுத்து நின்றுவிடும். சில நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் நடக்கும். வைத்தியர் லாயத்துக்கு வந்து காலைத் தடவிப் பார்க்கும்போது வீக்கமில்லை, சூடில்லை, புண்ணுமில்லை. உடையவன் என்ன நினைப்பான்? ‘இது நோயன்று, வேலைக்குச் சோம்பிச் செய்யும் பாசாங்கு’ என்று நினைப்பான். நம் தமிழிலேயே அதற்கு ஒரு பெயர் ஆயத்தமாக இருக்கிறது: சண்டிக்குதிரை. அந்தப் பெயரைச் சூட்டியபின் மருந்துக்கு இடமேது? சவுக்குக்குத்தான் இடம்.

குதிரை வைத்தியம் நம் நாட்டுக்குப் புதியதன்று. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் மிகப் பழமையானது. விராடன் நகரில் நகுலன் குதிரைகளைப் பேணும் பணியை ஏற்று மறைந்து வாழ்ந்ததைப் பாரதக் கதை கேட்ட சிறுவரும் அறிவர். ஆயினும் மறைந்து நிற்கும் இந்த நொண்டலின் காரணம் வெளிப்பட, உயிரிழந்த விலங்கின் உடலை முறையாக அறுத்து ஆராயும் கல்வி பரவவேண்டியிருந்தது. அக்கல்விக்குப் பிரெஞ்சு நாடு ஒரு நிலையான இடம் அமைத்துக் கொடுத்தது.

லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளியொன்றின் தலைவராக இருந்த கிளாடு பூர்ழெலா என்பவர், 1761-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். சில ஆண்டுகளுக்குள் பாரிஸ் நகருக்கு அருகே அல்போர் என்னுமிடத்தில் மற்றொரு பள்ளியும் அவர் முயற்சியால் தோன்றியது. குதிரையேறக் கற்பித்த ஆசான் ஒருவரே குதிரையின் எலும்பையும் தசையையும் ஆராயும் கல்விக்கு வழிகோலியது பொருத்தமன்றோ? அதுவரையில் பெரும்பாலும் லாடம் அடிப்பவர்களின் கையில் இருந்த வைத்தியம் கல்லூரிக்குள் நுழைந்தது. காரணம் தெரியாத நொண்டலுக்கெல்லாம் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. ஆனால் ‘ஏன்?’ என்று கேட்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

அந்தப் பழக்கத்தின் பயனை 1831-ஆம் ஆண்டில் காண்கிறோம். ழான் பிரான்சுவா பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், மேற்சொன்னவாறு விட்டுவிட்டு நொண்டிய ஒரு பெண்குதிரையைப் பற்றி எழுதினார். ஓய்வில் நலமாகவும் உழைப்பில் முடமாகவும் இருந்த குதிரை அது. உயிர் நீங்கியபின் அதன் உடலை ஆராய்ந்தபோது, எலும்பிலோ மூட்டிலோ குளம்பிலோ அன்றி, பின்னங்கால்களுக்குக் குருதி கொண்டு செல்லும் தொடைத் தமனிகளில் அடைப்பு இருக்கக் கண்டார். நோவு காலில் தோன்றிற்று. காரணமோ காலுக்கு உயிரூட்டும் குழாயில் இருந்தது.

அடைப்பு எப்பொழுதும் இருக்க, நொண்டல் மட்டும் ஏன் வந்து வந்து போகவேண்டும்? நம் ஊர் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். பாதி தூர்ந்துபோன வாய்க்கால் நாற்றங்காலுக்குத் தேவையான நீரைக் கொடுத்துவிடும். நடவு தொடங்கி வயல் முழுவதும் நீர் வேண்டும்போதுதான் அதன் குறை வெளிப்படும். நின்றிருக்கும் குதிரையின் தசைக்குச் சிறிதளவு குருதி போதும். பக்கத்துச் சிறு குழாய்கள் வழியே சுற்றிவரும் குருதியே அதற்குக் காணும். ஓடும்போதோ, அதே தசைக்குப் பன்மடங்கு வேண்டும். வேண்டியது வந்து சேராமையால் தசை பட்டினி கிடக்கிறது, நோகிறது, விறைக்கிறது. நின்றவுடன் தேவை குறைகிறது, நோவும் தணிகிறது. ஆகவே நின்ற நிலையில் மட்டும் குதிரையைச் சோதிப்பவர் இந்நோயைக் காணத் தவறுவது எளிது. ஓடவிட்டு, நொண்டும் அந்த வேளையிலேயே காலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அப்பொழுது உடல் முழுதும் வியர்த்திருக்க, நோயுற்ற கால் மட்டும் குளிர்ந்து, நாடி மெலிந்திருப்பதை உணரலாம்.

மனிதரிடத்தும் இத்தகைய நொண்டல் உண்டு. 1846-இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடி அதைப்பற்றி எழுதினார். பின்னர் 1858-இல், பாரிஸில் இளம் மருத்துவராக இருந்த ழான் மார்ட்டின் ஷார்க்கோ, முன்னாள் போர்வீரர் ஒருவருடைய நோயை ஆராய்ந்தார். ஐம்பத்துநான்கு வயதினரான அவர் சற்று நடந்ததும் காலில் நோவெடுத்து நின்றுவிடுவார். ஓய்வெடுத்தபின் மறுபடி நடப்பார். அவருடைய இடுப்புப் பகுதித் தமனி அடைபட்டிருந்தது. குதிரை மருத்துவர்கள் முன்னமே எழுதி வைத்திருந்ததை ஷார்க்கோ படித்திருந்தார். குதிரையையும் மனிதனையும் அருகருகே நிறுத்தி, இரண்டும் ஒரே நோய் என்று விளக்கினார். குதிரைக்கு அவர்கள் வழங்கிய ‘விட்டுவிட்டு நொண்டுதல்’ என்ற பொருளுடைய பெயரையே மனித நோய்க்கும் வைத்துக்கொண்டார். இன்றும் மருத்துவர்கள் வழங்கும் ‘இன்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன்’ என்ற பெயர் அதுதான். ‘நொண்டு’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த அச்சொல், லாயத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த சொல். கால்நடை மருத்துவரிடம் கற்றுக்கொள்வதைத் தாழ்வாக எண்ணாத ஷார்க்கோவின் உள்ளத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

பின்னர் அறிவு விரைந்து வளர்ந்தது. 1929-இல் போர்ச்சுகல் நாட்டின் ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ், மனித உடலின் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் எக்ஸ்ரே படத்தில் காட்ட வழிகண்டார். பிறகு அடைப்பை அகற்றும் அறுவை முறைகள் வந்தன. குதிரைக்கும் இன்று ஒலியலைக் கருவியால் தமனியை ஆராய்கிறார்கள். சில குதிரைகளுக்கு அடைப்பை நீக்கி மீண்டும் ஓடச் செய்திருக்கிறார்கள். எல்லாக் குதிரைகளுக்கும் அந்த நற்பேறு கிட்டுவதில்லை.

ஒன்றை மறவாது சொல்லவேண்டும். விட்டுவிட்டு நொண்டும் குதிரைகள் அனைத்தும் தமனி அடைபட்டவை அல்ல. இஃது அரிய காரணமே. குளம்பினுள் மறைந்திருக்கும் சிற்றெலும்பின் நோயும், மூட்டும், தசைநாரும் பெரும்பாலும் காரணமாகலாம். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர், கொக்கேய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் காட்டினார். அதன் பின் குதிரை மருத்துவர்களும் ஒரு வழி கண்டனர். காலின் நரம்புகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக மரக்கச் செய்து, எந்தப் பகுதி மரத்ததும் நொண்டல் நின்றதோ அங்கே நோவின் இருப்பிடத்தைத் தேடினர். வாய் பேசாப் பிராணியிடம் ‘எங்கே நோகிறது?’ என்று கேட்டு விடை பெறுவதற்கு ஒப்பான செயல் இது.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டிய பாடம் யாது? உடலில் தேடவேண்டிய குறையைக் குணத்தில் தேடுவது மனிதரின் பழைய வழக்கம். கரும்பலகையின் எழுத்து கண்ணுக்குத் தெரியாத சிறுவனை மந்தன் என்று ஒதுக்குவதும், அடைபட்ட தமனியோடு ஓட முயலும் குதிரையைச் சண்டி என்று அடிப்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். நோவு சில வேளை மறைகிறது என்பதனால் அது பொய்யாகிவிடாது. எந்த வேளையில் வருகிறது, எந்த உழைப்பில் வருகிறது, எதனால் தணிகிறது என்று பொறுமையோடு பார்ப்பவனுக்கே அது தன் காரணத்தைச் சொல்லும்.

பூலே ஆராய்ந்த அந்தப் பெண்குதிரையின் பெயர் என்னவென்று வரலாற்றில் யாரும் கேட்பதில்லை. ஆயினும் சிறிது தூரம் நடந்து, காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு முதியவரிடம், ‘ஐயா, நின்றால் நோவு குறைகிறதா?’ என்று மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் குதிரைக்கு நாம் பட்ட கடனும் உடன் நினைக்கத்தக்கதாகும்.